மிதிவெடி அகன்ற பின்னும் காக்க வேண்டிய பதிவு: மாங்கேணியை முன்வைத்து ஓர் ஆய்வு

மட்டக்களப்பு மாவட்டம் மிதிவெடி அற்ற பகுதியாக 2017 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டது. இலங்கையில் போரின் மிதிவெடிகள் விதைக்கப்பட்ட மாவட்டங்களுள் அந்த நிலையை முதலில் எட்டியது இதுதான். அறிவிப்பைச் சொல்லி முடிக்க ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தைத் தாங்கி நிற்பவை பல நிறுவனங்கள் பல ஆண்டுகளாக எழுதிய கோப்புகள்: இராணுவத்தின் வெடி புதைப்புப் பதிவேடுகள், தொண்டு நிறுவனங்களின் ஆய்வுப் படிவங்கள், ஊரார் கொடுத்த தகவல்கள், ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எழுதப்பட்ட பணிநிறைவு அறிக்கைகள், காணியை ஒப்படைத்தபோது இடப்பட்ட கையெழுத்துகள். இவை ஒன்றோடொன்று பொருந்தினால்தான் "இங்கே வெடி இல்லை" என்ற சொல்லுக்கு மதிப்பு.

மிதிவெடி அகற்றலைப் பற்றி நாம் பேசும்போது தரையில் மண்டியிட்டுக் கருவியோடு வேலை செய்யும் பணியாளரைத்தான் நினைக்கிறோம். அவருடைய உழைப்பு ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கும், கடைசியில் காணிக்காரரின் கைக்கும் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தகவலைப் பகிர்வதைக் கணினிப் பிரிவின் வேலையாகக் கருதி ஒதுக்கிவிடுகிறோம். அது பணி தொடங்குவதற்கு முன்பே எழுதி ஒப்புக்கொள்ளப்பட வேண்டிய ஒரு பாதுகாப்பு ஏற்பாடு என்பதை மாங்கேணியின் அனுபவத்தோடு வைத்துப் பார்க்கலாம்.

எல்லையில் கிடந்த ஊர்

மாங்கேணி, கோறளைப்பற்று வடக்கு எனப்படும் வாகரைப் பிரதேச செயலகப் பிரிவில், மட்டக்களப்பையும் திருகோணமலையையும் கடலோரமாக இணைக்கும் ஏ-15 வீதியில் இருக்கிறது. தெற்கே காயங்கேணி, வடக்கே பனிச்சங்கேணி, அதற்கும் அப்பால் வாகரை, கதிரவெளி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் காடும். இந்த ஒடுங்கிய நிலத்தில் வீதியைப் பிடித்தவர் கையில்தான் வடக்குத் தெற்குப் போக்குவரத்து இருந்தது. ஆகவே வீதியோரம் முகாம்களும் காவலரண்களும் எழுந்தன.

2002 பெப்ரவரி 22ஆம் திகதி கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் காலத்தில் மாங்கேணியில் இராணுவம் இருந்தது. வடக்கே வாகரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2004 டிசம்பரில் கடற்கோள் அதே கரையைத் தாக்கியது. 2006இல் போர் மீண்டும் மூண்டபோது வாகரை மக்கள் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். 2007 ஜனவரியில் இராணுவம் வாகரையைக் கைப்பற்றியது. அதே ஆண்டில் மீள்குடியேற்றம் தொடங்கியது. மக்கள் திரும்ப வேண்டுமானால் வீடு, கிணறு, பள்ளிக்கூடம், தோட்டம், விறகு பொறுக்கும் காடு, வள்ளம் இழுக்கும் கரை எல்லாம் பார்க்கப்பட வேண்டியிருந்தது.

இப்படி எல்லையாகக் கிடந்த நிலத்தைப் பற்றிய அறிவு எப்போதும் ஓரிடத்தில் இருக்காது. அரச படை தான் புதைத்த வெடிகளுக்குப் பதிவேடு வைத்திருக்கும். அது மரபுவழிப் படையின் ஒழுங்கு. புலிகள் புதைத்தவற்றைப் பற்றிய அறிவு பெரும்பாலும் புதைத்தவர்களின் நினைவில் இருந்தது. அவர்களில் பலர் இன்று இல்லை. மாடு எங்கே கால் இழந்தது, எந்தப் பாதையில் யாரும் போவதில்லை என்பது ஊராருக்குத் தெரியும். யார் எந்த வெடியில் சிக்கி வந்தார் என்பது வைத்தியசாலைப் பதிவில் இருக்கும்.

ஒவ்வொன்றிலும் ஓட்டையும் உண்டு. இலங்கைப் போரில் ஒரு தரப்பு புதைத்த வெடியை மறு தரப்பு தோண்டி எடுத்துத் தன் பக்கத்தில் மீண்டும் புதைத்தது உண்டு. அரச படை பயன்படுத்திய பாகிஸ்தான் தயாரிப்பான பி-4, சீனத் தயாரிப்பான டைப்-72 ஆகியவற்றில் உலோகம் மிகக் குறைவு என்பதால் உலோகங்காணி அவற்றை எளிதில் காட்டாது. புலிகள் தாமே செய்த ஜொனி-95 மரப்பெட்டியில் அடைக்கப்பட்டது. ஒரு வரிசையில் இத்தனை வெடி என்று பதிவேடு சொல்ல, தரையில் அதைவிடக் குறைவாகக் கிடைத்தால், மீதி எங்கே என்று கண்டறிந்தாக வேண்டும். எடுக்கப்பட்டதா, வெள்ளத்தில் நகர்ந்ததா, முன்பே வெடித்ததா? பதிவேடு அகற்றும் நிறுவனத்தின் கைக்கு வராவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. கிடைத்தவற்றோடு கணக்கு முடிந்துவிடும்.

கைமாறிய கோப்புகள்

2002இல் மிதிவெடி அகற்றலுக்கான தேசிய வழிகாட்டல் குழு அமைக்கப்பட்டது. ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு மாவட்ட அலுவலகங்கள் இயங்கின. மிதிவெடி அகற்றும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களான ஹலோ ட்ரஸ்டும் மாக் நிறுவனமும் அந்த ஆண்டிலேயே பணியைத் தொடங்கின. நோர்வே மக்கள் உதவி, டென்மார்க் கண்ணிவெடி அகற்றும் குழு, சுவிற்சர்லாந்தின் எப்.எஸ்.டி., இந்தியாவின் முன்னாள் படையினர் நடத்திய ஹொரைசன், சர்வத்ரா எனப் பலர் வந்தனர். வன்னியில் தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவு வேலை செய்தது. இராணுவத்துக்கும் தனியாக மனிதநேயக் கண்ணிவெடி அகற்றும் பிரிவு உண்டு. போர் முடிந்த பின் 2010இல் தேசிய கண்ணிவெடி அகற்றும் மையம் தோன்றியது. உள்நாட்டு நிறுவனங்களான டாஷ், ஷார்ப் ஆகியவை பின்னர் சேர்ந்தன. மட்டக்களப்பில் மாக் நிறுவனம் நீண்ட காலம் பணியாற்றியது.

இந்தப் பட்டியலில் உள்ள பல நிறுவனங்கள் இன்று நாட்டில் இல்லை. நிதி முடிந்ததும் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் போவது தொண்டு நிறுவனத்தின் இயல்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவை அகற்றிய நிலம் இங்கேயே இருக்கிறது. அந்த நிலத்தில் எந்த மூலை பார்க்கப்பட்டது, எந்த மூலை கைவிடப்பட்டது என்ற விபரம் அவற்றின் கோப்பில் மட்டும் இருந்து, தேசியத் தரவுத்தளத்துக்கு முழுமையாக வராமல் போயிருந்தால், பின்னால் வருபவர் அதே நிலத்தை முதலிலிருந்து ஆராய வேண்டும். பார்க்கப்படாத மூலையைப் பார்த்ததாக நம்பிவிடுவது அதைவிட ஆபத்து.

நிறுவனங்கள் தகவலைப் பகிரத் தயங்குவதற்கும் காரணங்கள் உண்டு. இராணுவம் தன் பதிவேடுகளைப் பாதுகாப்பு ஆவணமாகப் பார்க்கும். தொண்டு நிறுவனங்கள் ஒரே கொடையாளர்களிடம்தான் போட்டிபோட்டு நிதி பெறுகின்றன. துப்புரவாக்கிய சதுர மீற்றர் கணக்கு அந்தப் போட்டியில் எடுபடும். செய்த ஆய்வு பிழைத்தது என்ற ஒப்புதல் எடுபடாது. அரச அலுவலகம் ஒரு தகவலை ஏற்றுக்கொண்டால் அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். ஆகவே "பகிர்ந்துகொள்ளுங்கள்" என்ற வேண்டுகோள் மட்டும் போதாது. எதை, யார், யாருக்கு, எப்போது, எந்த வடிவில் என்று எழுத்தில் வரையறுத்தால்தான் அது நடக்கும்.

பிழை நுழையும் இடங்கள்

பகிர்வு திட்டமிடப்படாதபோது பிழை எங்கே நுழைகிறது என்பது இத்துறையில் வேலை செய்பவர்களுக்குப் பழகிய விடயம்.

முதலாவது, அடையாள எண். ஒரே வெடிநிலத்துக்கு ஆய்வு செய்த நிறுவனம் ஓர் எண்ணும் அகற்றிய நிறுவனம் இன்னோர் எண்ணும் கொடுத்தால், தரவுத்தளத்தில் அது இரண்டு நிலமாகிவிடும். ஒன்று முடிந்ததாகவும் மற்றது முடியாததாகவும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஊர்ப் பெயரை நம்பியும் இதைச் சமாளிக்க முடியாது. மாங்கேணி, காயங்கேணி, பனிச்சங்கேணி என்று ஒரே முடிவுள்ள பெயர்கள் ஒரே வீதியில் வரிசையாக இருக்கின்றன. ஆங்கிலப் படிவத்தில் ஒவ்வொருவரும் தத்தம் காதுக்கு ஏற்ப எழுதுவார்கள். சிங்களத்தில் எழுதும்போது இன்னொரு வடிவம் வரும். கிராம சேவையாளர் பிரிவின் எண்ணும் மாற்ற முடியாத ஒரு பணி எண்ணும் சேர்ந்திருந்தால்தான் கோப்பு தன் நிலத்தோடு ஒட்டியிருக்கும்.

இரண்டாவது, ஆள்கூறு. இலங்கையின் பழைய நில அளவை வரைபடங்கள் இடங்களை அளக்கும் மூலமாகக் கண்டாவலை எனப்படும் அடித்தளத்தைக் கொண்டவை. கையில் வைத்திருக்கும் ஜி.பி.எஸ். கருவி வழக்கமாக டபிள்யூ.ஜி.எஸ்.-84 என்ற உலக அடித்தளத்தில் எண் காட்டும். ஒன்றில் எடுத்த எண்ணை மற்றதில் எடுத்ததாகப் பதிந்தால், புள்ளி நிலத்தில் இருநூறு மீற்றருக்கும் மேல் விலகிவிடும். கடலுக்கும் களப்புக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் இத்தகைய கரையில் இருநூறு மீற்றர் என்பது வீதியின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற வேறுபாடு. படிவத்தில் "எந்த அடித்தளம்" என்ற ஒரு கட்டம் வெறுமையாக விடப்பட்டால் போதும், இந்தப் பிழை ஓசையின்றிப் புகுந்துவிடும்.

மூன்றாவது, நிலம் விடுவிக்கப்பட்ட முறை. சர்வதேசத் தரநிலைகளின்படி ஒரு நிலத்தை மூன்று வழிகளில் விடுவிக்கலாம். வெடி இருப்பதற்குச் சான்றே இல்லை என்று தொழில்நுட்பம் சாராத ஆய்வில் தெரிந்தால் அது பட்டியலிலிருந்து நீக்கப்படும். தொழில்நுட்ப ஆய்வில் வெடியில்லை என்று தெரிந்த பகுதி கழிக்கப்படும். வெடி உள்ள பகுதி முழுமையாகத் தேடி அகற்றப்படும். மூன்றும் தரநிலைப்படி விடுவிப்புதான். என்றாலும் ஒவ்வொன்றும் தரும் உறுதி வேறு. ஒரு நிறுவனம் மூன்றையும் கூட்டி "துப்புரவாக்கியது" என்று அறிக்கை கொடுத்தால், பின்னால் அங்கே வெடி ஒன்று கிடைக்கும்போது எந்த முறை தவறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

நான்காவது, ஆழம். அந்தந்த இடத்து அபாயம் பற்றி நம்பகமான தகவல் இல்லாதபோது 13 சென்றிமீற்றர் ஆழம் வரை தேட வேண்டும் என்பது சர்வதேசத் தரநிலை கூறும் பொது அளவு. நடந்து திரியவும் மேலாக உழவும் அது போதும். கிணறு வெட்டவும் அத்திவாரம் தோண்டவும் போதாது. வாகரைப் பக்கத்தில் இறால் பண்ணைத் திட்டங்களும் இல்மனைட் அகழ்வுத் திட்டங்களும் அண்மை ஆண்டுகளில் மக்களின் எதிர்ப்பைச் சந்தித்திருக்கின்றன. அந்த விவாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு கட்டுரை. ஆனால் இக்கரையில் இயந்திரம் இறக்கி ஆழமாகத் தோண்ட நினைக்கும் எவரும், அந்த இடம் எந்த ஆழம் வரை தேடப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டால் பதில் சொல்ல ஓர் அலுவலகம் இருக்க வேண்டும்.

உலகம் கற்ற பாடம்

கொசோவோவில் 1999இல் போர் முடிந்தபோது யூகோஸ்லாவியப் படை தன் வெடிநிலப் பதிவேடுகளைக் கையளித்தது. நேட்டோ கொத்துக்குண்டு போட்ட இடங்களின் ஆள்கூறுகளைக் கொடுத்தது. ஐ.நா.வின் ஒருங்கிணைப்பு மையம் அவற்றை ஒரே தரவுத்தளத்தில் சேர்த்து நிறுவனங்களுக்குப் பணி பிரித்துக் கொடுத்தது. இம்ஸ்மா என்று இன்று மிதிவெடியால் பாதிக்கப்பட்ட பெரும்பாலான நாடுகள் பயன்படுத்தும் தகவல் முறை முதலில் களமிறங்கியது அங்கேதான். ஜெனீவாவிலுள்ள சர்வதேச மனிதநேயக் கண்ணிவெடி அகற்றல் மையம் அதை வளர்த்து வருகிறது. இலங்கையின் தேசிய மையமும் அதையே பயன்படுத்துகிறது. 2001 டிசம்பரில் ஐ.நா. மையம் வேலை முடிந்ததென்று மூடப்பட்டது. ஆனால் கொசோவோவில் வெடி கிடைப்பது நிற்கவில்லை. அகற்றும் பணி பின்னர் பல ஆண்டுகள் தொடர்ந்தது. நல்ல தரவுத்தளம் இருந்த இடத்திலேயே இந்த நிலை என்றால், அறிவிப்போடு கோப்பை மூடிவிடக் கூடாது என்பது தெளிவு.

லெபனான் எதிர்மாறான உதாரணம். 2006 போரின் கடைசி நாள்களில் இஸ்ரேல் தென் லெபனானில் கொத்துக்குண்டுகளைப் பெருமளவில் வீசியது. எங்கே வீசினோம் என்ற விபரத்தை ஐ.நா. படையிடம் அது கையளித்தது 2009 மே மாதத்தில். இடைப்பட்ட ஏறத்தாழ மூன்று ஆண்டுகளிலும் அகற்றும் குழுக்கள் வெடிக்காத சிறுகுண்டுகளைத் தேடித் தேடித்தான் எல்லை கண்டன. அதற்குள் விவசாயிகளும் பிள்ளைகளும் அவற்றில் சிக்கினர். தகவல் இருந்தது, வரவில்லை. தாமதத்தின் விலையை அந்தத் தகவலை வைத்திருந்தவர் கொடுக்கவில்லை.

தகவலைக் கையளிக்க வேண்டும் என்ற தேவையைச் சர்வதேசச் சட்டமும் தரநிலையும் ஏற்றுள்ளன. மரபுவழி ஆயுதங்கள் பற்றிய உடன்படிக்கையின் திருத்தப்பட்ட இரண்டாம் நெறிமுறை, புதைத்த வெடிகளைப் பதிவு செய்யவும் மோதல் ஓய்ந்தபின் அந்தத் தகவலைக் கொடுக்கவும் கடப்பாடு விதிக்கிறது. இலங்கை 2004இல் அதில் இணைந்தது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசம்பர் 13ஆம் திகதி இணைந்தது. அது 2018 ஜூன் 1 முதல் இலங்கைக்கு நடைமுறைக்கு வந்தது. அகற்றி முடிக்கப் பத்து ஆண்டுகள், அதாவது 2028 ஜூன் 1 வரை தவணை. ஏழாம் உறுப்புரையின் கீழ் ஆண்டுதோறும் வெளிப்படை அறிக்கை கொடுக்க வேண்டும். தகவல் முகாமைத்துவத்துக்கென்றே 05.10 என்ற எண்ணில் ஒரு சர்வதேசத் தரநிலை உண்டு. எந்த நாட்டிலும் எந்த நிறுவனத்தின் பதிவிலும் எந்தெந்த விபரம் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது.

எழுதப்பட வேண்டிய ஒப்பந்தம்

ஒரு மாவட்டத்தில் தகவல் பகிர்வைத் திட்டமிடுபவர் முதலில் கணினியைத் திறக்கத் தேவையில்லை. யாரிடம் என்ன தகவல் இருக்கிறது, யாருக்கு என்ன தகவல் வேண்டும் என்று இரு பட்டியல்கள் எழுத வேண்டும். அரசாங்க அதிபருக்கு எந்தக் கிராமம் எப்போது விடுவிக்கப்படும் என்பது வேண்டும். அகற்றும் நிறுவனத்துக்குப் பக்கத்து நிலத்தில் மற்ற நிறுவனம் கண்டெடுத்த வெடியின் வகையும் ஆழமும் வரிசையின் போக்கும் வேண்டும். வீதி அபிவிருத்தி, மின்சாரம், நீர்ப்பாசனம், வனத் திணைக்களம் ஆகியவற்றுக்கு விடுவிக்கப்பட்ட எல்லைகள் வேண்டும். காணிக்காரருக்குத் தன் காணி எந்த முறையில் விடுவிக்கப்பட்டது என்ற பதில் வேண்டும். எல்லோருக்கும் எல்லாம் வேண்டியதில்லை. தேவையறியாமல் முழுத் தரவுத்தளத்தையும் அனுப்புவது பகிர்வு ஆகாது.

அடுத்து, மூலப் பிரதி யாருடையது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரே நிலத்தின் எல்லை இரண்டு அலுவலகங்களில் இருவிதமாக இருந்தால் எது செல்லும்? தேசிய மையத்தின் பதிவே செல்லும் என்று வைத்தால், களத்தில் திருத்தம் செய்த நிறுவனம் அதை எத்தனை நாளுக்குள் மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும், மையம் அதை எத்தனை நாளுக்குள் ஏற்கவோ கேள்வியோடு திருப்பவோ வேண்டும் என்றும் சேர்த்து எழுத வேண்டும். அனுப்பியதற்கும் பெற்றதற்கும் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் இரு தரப்பும் பட்டியல்களை எதிரெதிரே வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் இரட்டைப் பதிவும் காணாமற் போன எல்லையும் இந்த ஒப்பீட்டில்தான் அகப்படும்.

பிறகு வடிவம். ஆரம்பகாலத்தில் எக்ஸ்எம்எல் என்ற கணினிக் குறிமொழியின் அடிப்படையில் ஒரு பொது மொழி உருவாக்கப்பட்டு, வெவ்வேறு மென்பொருள் வைத்திருந்த நிறுவனங்கள் அதன் வழியாகத் தரவைப் பரிமாறின. இம்ஸ்மாவின் புதிய வடிவம் இணையவழி வரைபட முறையில் இயங்குவதால் களத்திலிருந்தே பதிய முடிகிறது. கருவி மாறினாலும் தேவை மாறவில்லை: ஒரே அடையாள எண், ஒரே அடித்தளம், ஒரே வகைப்பாடு, கட்டாயக் கட்டங்கள். இவற்றை ஒப்புக்கொள்ளாமல் புதிய மென்பொருள் வாங்கினால் பழைய பிழைகள் வேகமாகப் பரவும், அவ்வளவுதான்.

கடைசியாக, வெளியேறும் நாள். ஒரு நிறுவனத்துக்குப் பணி அனுமதி கொடுக்கும்போதே, அது நாட்டை விட்டுப் போகும் நாளில் எந்தெந்தக் கோப்புகளை, எந்த வடிவில், யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நிபந்தனை எழுத வேண்டும். கொடையாளர்களும் கடைசித் தவணை நிதியை இந்த ஒப்படைப்போடு கட்டிவைக்கலாம். பணி நடக்கும்போது எல்லோரும் இருப்பார்கள். முடிந்தபின் கேட்டால் ஆள் கிடைக்காது.

மறைக்க வேண்டியவை

பகிர்வுத் திட்டம் எதைப் பகிரக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். வெடியில் காலிழந்தவரின் பெயர், முகவரி, மருத்துவ விபரம் ஆகியவை நலன் சேவைக்காகச் சேர்க்கப்பட்டவை. அகற்றும் நிறுவனத்தின் வரைபடத்தில் விபத்து நடந்த இடமும் திகதியும் இருந்தால் போதும். இன்னொரு வகையினர் தகவல் தந்தவர்கள். "இங்கே நாங்கள் புதைத்தோம்" என்று ஒரு முன்னாள் போராளி ஆய்வுக் குழுவிடம் சொன்னால் அந்தத் தகவல் உயிர் காக்கும். அவருடைய பெயர் தவறான கைக்குப் போனால் அவருக்கே ஆபத்தாக முடியலாம். அந்த அச்சம் பரவினால் அடுத்தவர் வாய் திறக்க மாட்டார். ஆகவே தகவலைத் தந்தவரிலிருந்து பிரித்துப் பதியும் ஒழுங்கு வேண்டும். தனிநபர் தரவைக் காப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது.

அதேவேளை பாதுகாப்பு என்ற பெயரில் எல்லாவற்றையும் பூட்டிவைப்பதும் தவறு. குரோஷியா தன் வெடிநில எல்லைகளை எவரும் பார்க்கக்கூடிய இணைய வரைபடமாக வெளியிட்டது. அங்கே காட்டுக்குப் போகும் வேட்டைக்காரரும் மலையேறுபவரும் அதைப் பார்த்துவிட்டுப் போக முடிந்தது. இலங்கையிலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உண்டு. ஒரு காணி எப்படி விடுவிக்கப்பட்டது என்ற தகவல் அந்தக் காணியில் வாழ்பவருக்கு விண்ணப்பம் எழுதாமலே கிடைக்க வேண்டும்.

பிரதேச செயலகத்தில் ஒரு பிரதி

இன்று நாட்டின் மிதிவெடிப் பணி பெரும்பாலும் வடக்கில் நடக்கிறது. பிராந்திய அலுவலகம் கிளிநொச்சியில் இயங்குகிறது. அங்கிருக்கும் வேலையின் அளவைப் பார்த்தால் அது சரியான ஏற்பாடுதான். ஆனால் மாங்கேணியில் வேலி போட மண் தோண்டுபவருக்குக் கிளிநொச்சி எட்டாத தூரம். 2023 முதல் 2027 வரையான தேசிய நிறைவுத் திட்டத்தின் காலமும் உடன்படிக்கைத் தவணையும் நெருங்கும்போது வெளிநாட்டு நிதி குறையும், நிறுவனங்கள் மேலும் சுருங்கும். எஞ்சிய அபாயத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பொலிஸாரும் இராணுவமும் பிரதேச செயலகமும்தான்.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத ஒன்று. விடுவிக்கப்பட்ட ஒவ்வொரு நிலத்தின் எல்லை, விடுவித்த முறை, தேடிய ஆழம், கண்டெடுத்த வெடியின் வகை, நிறுவனத்தின் பெயர், ஒப்படைத்த திகதி ஆகியவற்றைக் கிராம சேவையாளர் பிரிவு வாரியாகத் தமிழிலும் சிங்களத்திலும் தொகுத்து, ஒரு பிரதியை அந்தந்தப் பிரதேச செயலகத்தில் வைக்க வேண்டும். கட்டட அனுமதியோ அகழ்வு அனுமதியோ கொடுக்கும் அலுவலர் அதைப் பார்த்துவிட்டே கையெழுத்திட வேண்டும். புதிதாக ஒரு வெடி கிடைத்தால் அந்தத் தகவல் பிரதேச செயலகத்திலும் தேசியத் தரவுத்தளத்திலும் ஒருங்கே பதியப்பட வேண்டும். 2028க்கு முன் இதை முடித்துவிட்டால் வாகரையிலும் வன்னியிலும் அடுத்த தலைமுறை எந்தத் தொண்டு நிறுவனத்தையும் தேடிப் போகாமல் தன் நிலத்தின் வரலாற்றைத் தன் ஊர் அலுவலகத்திலேயே கேட்டு அறியும். தேசிய மையமும் மாவட்டச் செயலகங்களும் கொடையாளர்களும், கடைசி நிறுவனம் புறப்படுவதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கியாக வேண்டும்.